மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை

புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊரில் முதலில் வரும் கேள்வி, "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்பதுதான். அடுத்தது, "வாயக் கட்டலையோ?" அப்புறம் யாராவது ஒரு பெரியம்மா துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலையைக் காய்ச்சிக் குடிப்பது பற்றி ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அக்காவுக்கோ சலிப்பைத் தாண்டி, தன் மேல்தான் ஏதோ தப்பு என்கிற எண்ணமே வந்துவிட்டது. அதுதான் என் ஆத்திரம். ஒரு மருத்துவமனையில் கோப்பைப் புரட்டிக்கொண்டே ஒருவர், முகத்தைக்கூடப் பார்க்காமல், "மருந்து சரியா எடுக்கலன்னா இப்படித்தான்" என்று சொன்ன அன்று இரவுதான் நான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நான் டாக்டர் இல்லை. பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு மருந்து வேலை செய்து வந்து திடீரென்று வேலை செய்யாமல் போவது எப்படி என்று எனக்கு வேறொரு வழியில் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்காவுக்கு வந்தது மார்பகப் புற்று, ஹார்மோனைக் கொண்டு வளரும் வகை. மார்பகப் புற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வகைதான். அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து தினம் ஒரு தமோக்சிஃபென், 20 மில்லிகிராம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி, மூடிகளில் இஸ்னின், செலாசா, ராபு என்று மலாயில் கிழமைகள். காலையில் மின்னல் எஃப்எம்மில் பக்திப் பாடல் முடிவதற்குள் அன்றைய மூடி திறந்திருக்கும். இப்படியே வருடக் கணக்கில். பிறகு இடுப்பு வலி வந்தது. காலமெல்லாம் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவருக்கு இடுப்பு வலி வருவதில் என்ன ஆச்சரியம் என்றுதான் வீட்டில் எல்லாரும் இருந்தோம். ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய். லெட்ரோசோல் மாத்திரையும், செல் பிளவுபடுவதைத் தடுக்கும் ஒரு புது மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நன்றாகவே அடங்கியிருந்தது. அதன்பின் மறுபடி வளர ஆரம்பித்தது. மாத்திரைப் பெட்டியில் ஒரு மூடிகூடத் திறக்காமல் இருந்ததில்லை.

ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று முதலில் செய்து காட்டியவர் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். ஆள் பிறந்தது திருகோணமலையில், 1848இல். இதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். மாட்டின் சூலகத்தை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் நீடிக்கும் என்பது சில பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. சூலகத்துக்கும் மார்புக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்ட பீட்சன், நோய் முற்றிய ஒரு பெண்ணுக்கு இரண்டு சூலகங்களையும் எடுத்தார். கட்டி சுருங்கியது. 1896இல் லான்செட் இதழில் எழுதினார். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை! அவருக்குப் பின்னால் மற்றவர்களும் செய்து பார்த்ததில் மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் இருந்தது, அதுவும் நிலைக்கவில்லை. அதாவது மருந்துக்கு அடங்காமல் போவது என்பது இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்த சமாச்சாரம்.

தமோக்சிஃபென் வந்த கதை இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் 1962இல் அதை உருவாக்கியபோது, அவர்கள் தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மாத்திரை. எலிகளில் கருத்தடை செய்த மருந்து பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டிவிட்டது. ஓரமாகப் போயிருக்க வேண்டிய பொருள், 1973இல் பிரிட்டனில் புற்றுநோய் மருந்தாக வெளியே வந்தது. செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடமான ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைப்பதுதான் அதன் வேலை. லெட்ரோசோல் செய்வது வேறு. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாராகிக்கொண்டே இருக்கும். அதைத் தயாரிக்கும் அரோமட்டேஸ் என்ற நொதியையே அது முடக்கிவிடும். ஒன்று இடத்தை அடைக்கிறது, மற்றது சரக்கையே நிறுத்துகிறது.

சரி, இப்போது தோட்டத்துக்கு வருகிறேன்.

சம்பாவ் புல் தெரியாத தோட்டக்காரன் கிடையாது. நம் கேழ்வரகுக்கு நெருங்கிய காட்டு உறவு, பாதையோரத்தில் தரையோடு தரையாக வெள்ளைத் தண்டுடன் விரிந்து கிடக்கும், கையால் பிடுங்கினால் மண்ணோடு வரும், பாதி நேரம் வராது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் ஒரு வாரத்தில் மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அப்படித்தான் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் சில இடங்களில் அடித்த பிறகும் இது மட்டும் பச்சையாக நின்றது. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, நடுவில் இது மட்டும் பூ விட்டுக்கொண்டிருக்கும். நான் அப்போதிருந்த தோட்டத்தின் மேனேஜர் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? மருந்தடிக்கிற பொம்பளைங்க தண்ணியக் கூட்டிக் கலக்குறாங்க என்றார். முதுகில் பம்பைச் சுமந்து, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்களின் தலையில் பழி. கலவையை என் கண் முன்னால் அளந்து ஊற்றச் சொன்னார். அளந்து ஊற்றினோம். புல் சாகவில்லை.

பிறகுதான் செய்தி வந்தது. கிளைபோசேட்டுக்கு அடங்காத சம்பாவ் புல் மலேசியாவில் முதன்முதலாக 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் நம் தெலுக் இந்தான் பக்கம். அடுத்த சில ஆண்டுகளில் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கிளைபோசேட் போய்ப் பிடிக்க வேண்டிய புரதத்தில், 106ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின் இருந்தது. அவ்வளவுதான், நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்று. புரதம் தன் வேலையைச் செய்கிறது, மருந்துக்கு மட்டும் பிடி கிடைக்கவில்லை. மருந்து புல்லை மாற்றவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கோடிக்கணக்கான விதைகளில் எங்கோ ஒன்றிரண்டு தற்செயலாக இப்படி இருந்திருக்கும். மற்றதையெல்லாம் நாம் சுத்தமாகக் கொன்று, அதற்கு இடம் காலி செய்து கொடுத்தோம். அந்தப் பெண்கள் கலவையை எவ்வளவு ஒழுங்காகக் கலந்தார்களோ அவ்வளவு வேகமாக அது நடந்திருக்கும்.

அக்காவின் நோயில் நடந்ததும் இதேதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை உருவாக்கும் மரபணுவுக்கு இஎஸ்ஆர்1 என்று பெயர். அந்த ஏற்பியில் 537ஆவது இடத்திலோ 538ஆவது இடத்திலோ ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால், ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காராமலேயே ஏற்பி வேலை செய்யும் நிலைக்குப் போய்விடும். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனை வற்றச் செய்துகொண்டே இருக்கும். இந்தச் செல்லுக்கு அது தேவையே இல்லையே! முதன்முதல் வரும் கட்டியில் இந்த மாற்றம் மிக அபூர்வம். பரவிய நோய்க்கு லெட்ரோசோல் வகை மருந்தைச் சாப்பிட்டு வந்தவர்களிடம் மூன்றில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதைவிடக் கூடுதலாகவும், கிடைக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? மருந்து கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, மற்ற செல்களை அடக்கியது, அதனால்தான் இது மேலே வந்தது. மாத்திரையை விட்டவருக்கு வரும் நோய் இல்லை இது, விடாமல் சாப்பிட்டவருக்கு வருவது.

இந்த மாற்றத்தை 1997இலேயே ஓர் ஆய்வுக் குழு ஒரு நோயாளியின் கட்டியில் பார்த்திருக்கிறது. சம்பாவ் புல் அகப்பட்ட அதே வருடம். ஆனால் முதல் கட்டிகளில் தேடினால் கிடைக்கவில்லை என்பதால் அப்படியே கிடந்தது. 2013இல்தான் இரண்டு குழுக்கள் பரவிய நோயில் தேடி, ஒரே சமயத்தில் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வெளியிட்டன. ஒரு குழு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையனுடையது. அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம ஆளாடா தம்பி?" என்று கண்ணாடியைத் தேடினார்.

இந்தச் சோதனைக்கு எலும்பைக் குடைய வேண்டியதில்லை. கட்டி தன் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், அதை ரத்தத்திலேயே தேடலாம். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். இந்தச் சோதனையோ தனியார் ஆய்வகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகளும் நானும் சேர்ந்து போட்டோம். தோட்டத்து வருமானத்தில் தனியாகக் கட்டக்கூடிய தொகை இல்லை. அறிக்கை வந்தது. இஎஸ்ஆர்1, டி538ஜி என்று ஒரு வரி, அதாவது அந்த 538ஆவது இடத்து மாற்றம். அதன் கீழே பிஐகே3சிஏ என்று இன்னொரு வரி.

முதல் வரிக்கு இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி. அது ஏற்பியை அடைப்பதோடு நிற்காமல் அழித்தும் விடுகிறது. 2002இலிருந்து இருக்கும் மருந்து. மாதம் ஒரு முறை இரண்டு ஊசி, இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும், ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லி. மருந்தைக் கரைத்திருப்பதில் விளக்கெண்ணெய் உண்டு, அதனால் கொழகொழவென்று இருக்கும், மிஸ்ஸி (தாதி) மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அக்கா அதைக் கேட்டதிலிருந்து, "சின்ன வயசுல அம்மா வாயில ஊத்துனாங்க, இப்ப இவங்க இங்க ஊத்துறாங்க" என்று மிஸ்ஸியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். ஈப்போ போய் வர ஒரு நாள் முழுக்க ஆகிவிடும். திரும்பும்போது ஒருக்களித்துத்தான் உட்கார முடியும்.

மாறிய ஏற்பிக்கென்றே மாத்திரையும் வந்திருக்கிறது. எலாசெஸ்ட்ரன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. செய்தித் தலைப்புகளைப் பார்த்து நான் துள்ளிக் குதித்தேன், அப்புறம் எண்களைப் பார்த்தேன். இஎஸ்ஆர்1 மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலம் நடுமதிப்பில் 3.8 மாதம், பழைய மருந்தில் 1.9 மாதம். முந்தைய செல் தடுப்பு மாத்திரையில் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப் பிடித்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 8.6 மாதம். "புரட்சி" என்று எழுதுகிறவர்கள் இந்த 8.6 என்ற எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். அக்கா அந்த இரண்டாவது கூட்டத்தில் வருவார் என்பதால் எனக்கும் அதையே பிடித்துக்கொள்ள ஆசைதான்.

இன்னொரு யோசனையும் ஓடுகிறது. ஸ்கேனில் நோய் வளர்வது தெரியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், ரத்தத்தில் மாற்றம் தலைகாட்டியதும் மருந்தை மாற்றினால் என்ன? 2025இல் வெளியான செரீனா-6 ஆய்வில் இப்படி முன்கூட்டியே காமிசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு மாறியவர்களுக்கு நோய் 16 மாதம் அடங்கியிருந்தது, பழையதிலேயே இருந்தவர்களுக்கு 9.2 மாதம். மருத்துவர்களுக்குள் இதில் இன்னும் சண்டை. சீக்கிரம் மாறியதால் ஆள் கூடுதல் காலம் வாழ்வாரா, அல்லது கையிலிருந்த மருந்தை முன்னாலேயே செலவழித்துவிட்டோமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. புல் விஷயத்தில் எனக்கு இதற்குப் பதில் தெரியும், ஒரே மருந்தையே அடிக்காதே, மாற்றி மாற்றி அடி என்பேன். மனுஷிக்கு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்த இரண்டாவது வரிதான் எங்களுக்குத் தலைவலி. பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இந்த வகைப் புற்றில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. அதற்கான அல்பெலிசிப் என்ற மருந்து 2019இல் வந்தது. ஊசியோடு சேர்த்துக் கொடுத்தால் நோய் அடங்கியிருக்கும் காலம் 5.7 மாதத்திலிருந்து 11 மாதமாக ஆனது. நல்லதுதானே? ஆனால் அந்த மரபணு உருவாக்கும் புரதம் கட்டிக்கு மட்டும் சொந்தமில்லை. உடம்பு முழுக்க இன்சுலின் சொல்வதைக் கேட்டுச் சர்க்கரையை உள்ளே இழுப்பதும் அதே பாதையில்தான். அடைத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அக்காவுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர். நம் ஆட்களில் யாருக்கு இல்லை? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதில் இந்தியர்கள்தான் முதலிடம்.

விஷயம் பக்கவிளைவோடு முடிவதில்லை. சர்க்கரை ஏறினால் கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டும். அந்த இன்சுலின் போய், மருந்து அடைத்த அதே பாதையைக் கட்டியிலும் மறுபடி தூண்டிவிடும். அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் காண்ட்லியின் குழு 2018இல் எலிகளில் இதைக் காட்டியது, இன்சுலினைக் குறைத்தபோது மருந்து நன்றாக வேலை செய்தது. எலியில் நடந்ததைப் பார்த்து யாரும் இங்கே சோற்றை நிறுத்திவிட வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு. இந்த வகை மருந்துகளின் ஆய்வுகளில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைச் சேர்ப்பதே இல்லை. 2024இல் அனுமதி பெற்ற இனாவோலிசிப் மருந்தின் ஆய்வில், கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6க்குக் கீழே இருந்தால்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாற்பது வயதைத் தாண்டிய பெண்களை வரிசையாக நிற்க வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? மருந்து யாருக்காகச் சோதிக்கப்பட்டதோ அவர் வேறு ஆள், அது தேவைப்படும் அக்கா வேறு ஆள்.

இதனால்தான் நம் நாட்டிலேயே நடக்கும் ஆய்வுகளை நான் பெரிதாக நினைக்கிறேன். சுபாங் ஜெயாவில் உள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா 2020இல் 560 மலேசியப் பெண்களின் கட்டிகளை அலசி வெளியிட்டது. மேற்கத்தியப் பெண்களின் கட்டிகளோடு ஒப்பிட்டால் மரபணு மாற்றங்களின் விகிதமே வேறாக இருந்தது. நோய் எதிர்ப்புச் செல்களின் நடமாட்டமும் கூடுதல்.

ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றிலும் கதை இதேதான், பெயர்கள்தான் வேறு. சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் ஆண் ஹார்மோனை நிறுத்தினால் அது அடங்கும் என்று காட்டி 1966இல் நோபல் வாங்கினார். அங்கே சில கட்டிகள் ஒரு படி மேலே போய், தம்மை அடைக்க வந்த ஃபுளூட்டமைட் மருந்தையே ஹார்மோன் மாதிரி பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு ஏற்பியை மாற்றிக்கொள்கின்றன. மருந்தை நிறுத்தினால் நோய் இறங்கும்! ஏஆர்-வி7 என்று இன்னொன்று: ஹார்மோன் உட்காரும் பகுதியே இல்லாத குட்டையான ஏற்பி. அந்தப் பகுதியைப் பிடிக்கும் என்சலுட்டமைட் மருந்து போய் எதைப் பிடிக்கும்? இதில் எனக்குப் பிடித்த ஆய்வு சிகாகோக்காரர்களுடையது. ஆண் ஹார்மோன் தயாராவதைத் தடுக்கும் அபிராட்டெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் என்பதுதான் விதி. அதைக் கொழுப்பு குறைந்த பசியாறலோடு 250 கொடுத்துப் பார்த்தார்கள், சோதனை அளவுகளில் முழு அளவுக்குக் குறையவில்லை. 2018இல் வெளிவந்தது. கால்வாசி மாத்திரை என்றால் கால்வாசிச் செலவு. யாரும் தானாகச் செய்து பார்க்கக் கூடாது, உணவோடு போகும்போது உடம்பில் ஏறும் அளவு பல மடங்கு கூடும். ஆனால் டாக்டரிடம் கேட்கலாம்.

மாத்திரையை நிஜமாகவே விடுகிறவர்களும் உண்டு, அதை மறைப்பானேன். லெட்ரோசோல் சாப்பிடும் பெண்களுக்குக் காலையில் விரல்கள் மடங்காது. பழம் பொறுக்குகிற கைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அக்காவின் கூட்டாளி ஒருவர் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, டாக்டர் திட்டுவார் என்று சொல்லாமலே இருந்தார். சொன்ன பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது பரவாயில்லை என்கிறார். அவருடைய பிரச்சினை வேறு, அக்காவுடையது வேறு, இரண்டுக்கும் ஒரே திட்டு விழுவதுதான் கொடுமை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், ஸ்கேன் மோசமாக வந்த அன்றே, அடுத்த மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "கட்டியில் என்ன மாற்றம் வந்திருக்கிறது என்று பார்த்தீர்களா, ரத்தத்தில் பார்க்க முடியுமா, இங்கே இல்லையென்றால் எங்கே அனுப்பலாம், எவ்வளவு ஆகும், உதவித் திட்டம் ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். இனிப்பு நீர் இருந்தால் அந்தக் கிளினிக் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டு டாக்டர்களும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்ப்பதில்லை. தமிழில் கேட்டாலும் மலாயில் கேட்டாலும் சோதனையின் பெயர் மாறாது: இஎஸ்ஆர்1, பிஐகே3சிஏ. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மருத்துவமனை அட்டையோடு வைத்துக்கொண்டால் போதும், அக்கா அப்படித்தான் வைத்திருக்கிறார்.